பையனுக்கு 18 முடிஞ்சுது, உதவித்தொகை நின்னுபோச்சு, இன்னும் எத்தன நாள் காத்திருக்கறது?

பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா எழுதிருக்காங்க. பேரு போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. லெட்டர் நீளமா இருந்துச்சு, கொஞ்சம் சுருக்கி போடறேன்.

"வணக்கம் சார். என் பையனுக்கு பொறந்ததுல இருந்தே மூளை வளர்ச்சி கம்மி, பிட்ஸும் வரும். மாசம் 2000 ரூபா உதவித்தொகை வந்துட்டு இருந்துச்சு. போன ஆடியில 18 முடிஞ்சுது, அதோட பணம் நின்னுபோச்சு. சர்டிபிகேட் தேதி முடிஞ்சுது, புதுப்பிக்கணும்னு சொன்னாங்க. இ-சேவையில போட்டோம். ஆஸ்பத்திரிக்கும் ஒரு நாள் கூட்டிட்டு போனேன், டாக்டர் பாத்தாரு, டெஸ்ட்டு இன்னொரு நாள் எடுக்கணும் கூப்பிடறோம்னாங்க. நாலு மாசம் ஆச்சு, எங்க போய் கேட்டாலும் வரும் போங்கம்மாங்கறாங்க. 18 ஆனா பணம் கட் ஆயிடும்னு ஊர்ல சொல்றாங்க, நெஜமா? ஒருத்தர் 6000 குடுத்தா ஒரே வாரத்துல வாங்கித் தர்றேங்கறாரு. வீட்டுக்காரர் பெங்களூர்ல சென்ட்ரிங் வேல, மாசத்துல ரெண்டு தடவ வருவாரு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல, கோவத்துல பையன அடிச்சுட்டேன் சார், அத நெனச்சு நெனச்சு அழுவறேன். இன்னும் எத்தன நாள் காத்திருக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

அக்கா, வணக்கம். உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். நான் மாற்றுத்திறனாளி குடும்பங்களோட சமூகப்பணியாளரா வேல பாக்கறவன், தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் இந்த சர்டிபிகேட் உதவித்தொகை விஷயமாவே பல வருஷமா அலைஞ்சுருக்கேன், அதனால படிச்சதும் ஒரு வரியில என் கண்ணு நின்னுருச்சு. "டெஸ்ட்டு இன்னொரு நாள் எடுக்கணும் கூப்பிடறோம்னாங்க." அவ்ளோதான் அக்கா விஷயம். நீங்க முடிவு வரும்னு காத்துட்டு இருக்கீங்க, ஆனா முடிவு எடுக்கறவங்க மேசைக்கு உங்க பேப்பர் போயிருக்க வாய்ப்பே கம்மி. டெஸ்ட்டு எடுக்காம குறைபாடு எத்தன சதவீதம்னு போட முடியாது, சதவீதம் போடாம சர்டிபிகேட் வராது, சர்டிபிகேட் வராம பணம் வராது. "வரும் போங்க"ன்னு சொன்னவங்க யாரும் வேணும்னே பொய் சொல்லிருக்க மாட்டாங்க, அவங்க அவங்க சீட்டுல எதுவும் நிலுவை இல்ல, அதான் அப்படி சொல்லிருப்பாங்க.

இத இவ்ளோ உறுதியா சொல்றதுக்கு காரணம் இருக்கு. வேலைக்கு வந்த புதுசுல அரூர் பக்கத்துல இருந்து ஒரு அப்பா வருவாரு, தோள்ல பொண்ண தூக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி. ஏழு தடவ வந்தாரு, ஏழு தடவையும் நானே "வெயிட் பண்ணுங்கண்ணா, வந்துடும்"னு சொல்லி அனுப்பினேன். எட்டாவது தடவதான் எனக்கே உறைச்சு உள்ள போய் பாத்தா அந்த பொண்ணு பேப்பர் அந்த ஆபீசுக்கே வந்து சேரல, வேற எடத்துல ஒரு கையெழுத்து இல்லாம கெடந்துச்சு. நான் மொத நாளே ஒரு போன் போட்டு கேட்டுருந்தா அந்த மனுஷன் அவ்ளோ தூரம் அலைஞ்சுருக்க வேண்டியதில்ல. அதுக்கப்புறம் யார் வந்தாலும் மொத கேள்வி இதுதான் கேப்பேன், உங்க பேப்பர் இன்னைக்கு எந்த எடத்துல நிக்குது?

உங்க விஷயத்துல அது நிக்கக்கூடிய எடம் மூணு. ஆஸ்பத்திரி, மாற்றுத்திறனாளி நல ஆபீஸ், பேங்க். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு மூணும் ஒரே கவர்மெண்ட்டு மாதிரி தெரியும், ஆனா ஒண்ணுல நடக்கறது இன்னொண்ணுக்கு தானா தெரியாது.

மொதல்ல ஊர்ப்பேச்ச முடிச்சுடறேன். 18 ஆனா பணம் கட் ஆயிடும்ங்கறது தப்பு. இந்த 2000 ரூபா பராமரிப்பு உதவித்தொகைக்கு அறிவுசார் குறைபாடு 40 சதவீதம், அதுக்கு மேல இருந்தா தகுதி, வயசு வந்துட்டா நிறுத்தணும்னு கிடையாது. அப்பறம் ஏன் 18ல நிக்குதுன்னா, இந்த குறைபாட்டுக்கு சின்ன வயசுல குடுக்கற சான்று தற்காலிகமானது. 2018ல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்படி 5 வயசு, 10 வயசு, 18 வயசுன்னு மூணு தடவ புதுப்பிக்கணும், 18ல குடுக்கறது ஆயுசுக்கும் செல்லும். அதாவது அக்கா, நீங்க இப்ப ஏறிட்டு இருக்கறது கடைசி படி, இத ஒழுங்கா முடிச்சுட்டா சர்டிபிகேட்டுக்குன்னு இன்னொரு தடவ பையன கூட்டிட்டு போய் உக்கார வேண்டியதில்ல.

எத்தன நாள்னு கேட்டீங்க. 2017ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகள்ல மருத்துவ அதிகாரி ஒரு மாசத்துக்குள்ள சான்று குடுக்கணும்னு இருந்துச்சு, 2024 அக்டோபர்ல அத மூணு மாசமா மாத்திட்டாங்க. உங்களுக்கு நாலு மாசம் ஆச்சு, ஆக நீங்க போய் கேக்கறது கெஞ்சல் இல்ல, கேக்கற உரிமை உங்களுக்கு வந்தாச்சு. அதே திருத்தத்துல இன்னொண்ணும் இருக்கு, ரெண்டு வருஷத்துக்கு மேல முடிவாகாம கெடக்கற அப்ளிகேஷன் செயலிழந்துரும், திரும்ப புதுசா போடணும், இல்ல அவங்ககிட்டயே போய் கேட்டு மறுபடி உயிர்ப்பிக்கணும். பயமுறுத்தறதுக்கு சொல்லல, சும்மா இருந்தா தானா வந்துரும்னு நெனச்சுறாதீங்கன்னுதான் சொல்றேன்.

இப்ப செய்ய வேண்டியது. இ-சேவையில போட்டப்ப ஒரு ரசீது குடுத்துருப்பாங்க, அதுல அப்ளிகேஷன் நம்பர் இருக்கும். அத எடுத்துட்டு போய் அங்கயே யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) ஸ்டேட்டஸ் பாத்து ஒரு பிரிண்ட் எடுத்து தரச் சொல்லுங்க. அதுல மருத்துவமனையில நிலுவைன்னு வந்தா நான் சொன்னது சரி, டெஸ்ட்டு பாக்கி. சான்று ஏற்கனவே போட்டாச்சுன்னு வந்தா ஆஸ்பத்திரி வேல முடிஞ்சுது, நீங்க போக வேண்டியது கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல இருக்கற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல ஆபீசுக்கு. இங்க ஒரு குழப்பம் நெறைய பேருக்கு வருது, தாலுகா ஆபீஸ்ல தனி தாசில்தார்கிட்ட போய் நிப்பாங்க. அங்க பாக்கறது வருவாய்த்துறை குடுக்கற மாற்றுத்திறனாளி பென்ஷன், 2023 ஜனவரில இருந்து 1500 ரூபா, அது வேற திட்டம். உங்க பாஸ்புக்ல 2000னு வந்துருக்கறதால உங்களது நல ஆபீஸ்தான், தாலுகா ஆபீஸுக்கு போய் பொழுத வீணாக்காதீங்க.

டெஸ்ட்டு பாக்கின்னு தெரிஞ்சா கூப்பிடுவாங்கன்னு இருக்காதீங்க. நூத்துக்கணக்குல பேர் வர்ற எடத்துல ஒரு போன் நம்பர் தப்பா எழுதியிருந்தாலே போச்சு, உங்க வீட்டுக்காரர் நம்பர் குடுத்து அவர் சென்ட்ரிங் மேல நிக்கறப்ப கால் வந்து எடுக்காமயும் இருந்துருக்கலாம். மனநலப் பிரிவுல டெஸ்ட்டு எந்த கிழமை எடுக்கறாங்கன்னு நீங்க மட்டும் போய் கேட்டு, தேதிய அவங்க கையாலயே ஓபி சீட்டுல எழுதி வாங்கிட்டு வாங்க. பையன அன்னைக்கு கூட்டிட்டு போக வேண்டாம். கூட்டத்துல அவனுக்கு ஆகாது, உங்களுக்கும் அவன புடிக்கறதா கவுண்டர்ல பேசறதான்னு ஆயிடும். டெஸ்ட்டு அன்னைக்கு மட்டும் கூட்டிட்டு போங்க, டவுன் பஸ்லயே போங்க, சாதாரண டவுன் பஸ்ல அவனுக்கும் கூட வர்ற துணைக்கும் டிக்கெட் கெடையாது, பழைய கார்டு கைல இருக்கட்டும்.

அந்த டெஸ்ட்ட பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நம்ம ஊர் அம்மாங்க நெறைய பேர் தப்பு பண்ணற எடம் இதுதான், தப்புன்னு கூட சொல்ல மனசு வரல. பையன்கிட்ட கேள்வி கேட்டு பாக்கறது ஒரு பாதி. இன்னொரு பாதி உங்ககிட்ட கேப்பாங்க. தானா சாப்புடுவானா, சட்ட பட்டன் போடுவானா, பாத்ரூம் சொல்லுவானா, கடைக்கு தனியா போவானா, காசு தெரியுமா, ஆபத்துன்னா ஒதுங்குவானான்னு. வைன்லாண்ட்னு ஒரு அளவு இருக்கு, அதுல வர்ற எண்ண வச்சுதான் 50 சதவீதமா 75ஆ 90ஆன்னு போடறாங்க. அப்ப அம்மாங்க என்ன பண்ணுவாங்கன்னா, வெள்ள சட்ட போட்ட ஒருத்தர் முன்னாடி நம்ம புள்ளய விட்டுக்குடுக்கறதான்னு "எல்லாம் பண்ணுவான் சார், நல்லா சாப்புடுவான், சட்ட போட்டுக்குவான்"னு சொல்லிடுவாங்க. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுருக்கேன் அக்கா. பதினெட்டு வருஷம் பாடுபட்டு ஒரு புள்ளய களி உருட்டி குழம்புல தொட்டு திங்க வச்சவளுக்கு அத பெருமையா சொல்லாம இருக்க முடியுமா? ஆனா களிய நீங்க உருண்ட புடிச்சு தட்டுல வச்சாதான் திங்கறான், கொழம்பு சூடா இருக்கான்னு அவனுக்கு தெரியாது, நீங்க தொட்டு பாத்து வைக்கறீங்க, அத சொல்ல மாட்டீங்க, ஏன்னா அது உங்களுக்கு வேலையாவே தெரியறதில்ல. சட்ட போட்டுக்குவான், பட்டன் யார் போடறது? தம்மா துண்டு வேலையா இருந்தாலும் அதெல்லாம்தான் அங்க கணக்கு.

அதனால போறதுக்கு முந்தின ரெண்டு நாள், காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் அவனுக்கு நீங்க என்னென்ன பண்றீங்கன்னு ஒரு நோட்ல எழுதிக்கோங்க. எழுத கூச்சமா இருந்தா பக்கத்து வீட்டு படிக்கற புள்ளைங்கள எழுத சொல்லுங்க. பிட்ஸு எந்த மாசம் எத்தன தடவ வந்துச்சு, என்ன மாத்திர போடறீங்க, அதயும் எழுதுங்க, பழைய சர்டிபிகேட், ஸ்கேன், ஸ்பெஷல் ஸ்கூல்ல படிச்சுருந்தா அங்க ஒரு லெட்டர், எல்லாம் ஒரே பையில. கூட்டியும் சொல்ல வேண்டாம், கொறச்சும் சொல்ல வேண்டாம். அவன்கிட்டயும் அங்க போய் இப்படி இருன்னு எதும் சொல்லிக்குடுக்காதீங்க, தெனம் ஆயிரக்கணக்குல கேள்வி கேட்டு பழகினவங்களுக்கு அது ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுரும், அப்பறம் நெஜமா சொல்றதயும் நம்ப மாட்டாங்க.

சதவீதம் போன தடவய விட கொறஞ்சு வந்தா பதறாதீங்க. 40க்கு கீழ போகாத வரைக்கும் உங்க உதவித்தொகைக்கு பாதிப்பு இல்ல. தகுதி இல்லன்னு சொன்னா காரணத்த எழுத்துல குடுக்கணும், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 59வது பிரிவுல மேல்முறையீட்டுக்கு வழி இருக்கு. அப்படி ஒண்ணு வந்தா அன்னைக்கே எனக்கு எழுதுங்க.

அந்த 6000 கேக்கறவர் விஷயம். குடுக்காதீங்க அக்கா. யூடிஐடிக்கு அரசாங்கத்துக்கு கட்டற பீஸே கெடையாது. அவர் நெஜமாவே உள்ள ஆள் வச்சுருந்தாலும் டெஸ்ட்டு எடுக்காம வர்ற சர்டிபிகேட் போலி சர்டிபிகேட்தான், அது புடிபட்டா அவர் மாட்ட மாட்டாரு, பேப்பர்ல பேர் இருக்கறது உங்க பையனது, கையெழுத்து உங்களது. அதே சட்டத்துல 91வது பிரிவு, ஏமாத்தி சலுகை வாங்கினா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் கூட போடலாம். உங்களுக்கு உரிமையா வர வேண்டியத எதுக்கு திருட்டுத்தனமா வாங்கணும்? மூணு மாச உதவித்தொகை அக்கா அந்த 6000, அவன் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும்.

அடுத்தது பேங்க், இத யாரும் உங்ககிட்ட சொல்லிருக்க மாட்டாங்க. சர்டிபிகேட் வந்து ஆபீஸ்ல எல்லாம் சரியாகி, அப்பறமும் பணம் கைக்கு வராம போறது இங்கதான். பையன் பேர்ல நீங்க கார்டியனா போட்டு ஓப்பன் பண்ண மைனர் அக்கவுண்ட்டா இருந்தா, 18 முடிஞ்சதும் அது அப்படியே ஓடாது, அவனே கையெழுத்து போட்டு மாத்தணும்பாங்க. அவனால முடியாது, உங்க கையெழுத்தும் சட்டப்படி செல்லாது, ஏன்னா 18க்கு மேல பெத்த தாயா இருந்தாலும் தானா கார்டியன் ஆக முடியாது. இதுக்குன்னே 1999ல நேஷனல் டிரஸ்ட்னு ஒரு சட்டம் இருக்கு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல குறைபாடு சேர்ந்து இருக்கறவங்களுக்கு. கலெக்டர் தலைமையில மாவட்டத்துக்கு ஒரு குழு, அவங்க உங்கள சட்டப்பூர்வ பாதுகாவலரா நியமிச்சு சர்டிபிகேட் குடுப்பாங்க, கோர்ட்டுக்கு போக வேண்டியதில்ல, அந்த சர்டிபிகேட்ட பேங்க் ஏத்துக்கணும்னு ரிசர்வ் பேங்கே சொல்லிருக்கு. இதுக்கும் நல ஆபீஸ்லயே கேளுங்க, குழு கூடற தேதி கேட்டு வைங்க. இதுக்கும் நாளாகும், அதனால சர்டிபிகேட் வந்தப்பறம் பாத்துக்கலாம்னு தள்ளி போடாதீங்க, கூடவே இதயும் ஆரம்பிங்க. அப்படியே பேங்க்ல கேஒய்சி (அடையாள, முகவரி பேப்பர் குடுக்கறது) பாக்கி இருக்கா, ஆதார் சேத்தாச்சான்னும் கேட்டுருங்க, 15 வயசுல ஆதார்ல கைரேக கண் மறுபதிவு பண்ணாம விட்டுருந்தா அதயும் பண்ணிருங்க, அவன் ஒத்துழைக்கலன்னா அதுக்கு விதிவிலக்கு முறை இருக்கு, சென்டர்ல கேளுங்க. வருஷா வருஷம் வி.ஏ.ஓ. கையெழுத்து வாங்கி குடுக்கற வாழ்நாள் சான்று இந்த வருஷம் குடுத்தீங்களா? அது குடுக்காம நின்னுருந்தா நாலு மாசமா நாம வேற எத எதையோ நெனச்சுட்டு இருக்கோம். மொதல்ல அத பாருங்க.

இவ்ளோவும் பாத்துட்டு, ரெண்டு வாரத்துல அசைவு இல்லன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்கு போங்க. மனுவுல கத வேண்டாம், எட்டு வரி போதும். பையன் பேர், யூடிஐடி நம்பர், அப்ளிகேஷன் நம்பர், எந்த மாசத்துல இருந்து பணம் நின்னுச்சு, எந்த தேதில ஆஸ்பத்திரிக்கு போனோம், என்ன சொன்னாங்க, டெஸ்ட்டுக்கு தேதி குடுக்கணும், நின்ன மாசத்துல இருந்து சேத்து தரணும். மனு நம்பர் வாங்காம வராதீங்க. அதுக்கும் பதில் இல்லன்னா ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடலாம், பத்து ரூபா கோர்ட் பீ ஸ்டாம்ப்பு ஒட்டி, என் பையன் விண்ணப்பம் இன்னைக்கு யார் பார்வையில இருக்கு, எந்த தேதில இருந்துன்னு ரெண்டே கேள்வி. 30 நாள்ல பதில் சொல்லியாகணும், நான் பாத்த வரைக்கும் பதில் வர்றதுக்கு முன்னாடி பேப்பர் நகந்துருக்கும். மனு குடுத்தா உங்களுக்கு வர்ற மகளிர் உரிமைத்தொகை 1000 போயிடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, பராமரிப்பு உதவித்தொகை வாங்கற குடும்பம்ங்கறதால அத நிறுத்த மாட்டாங்க, அந்த திட்டத்துலயே அப்படித்தான் விலக்கு குடுத்துருக்காங்க.

பிட்ஸு மாத்திரய பத்தி ஒரு வார்த்த. பணம் வரலன்னு மாத்திரய ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுக்கறது, பாதியா ஒடைக்கறது, இத மட்டும் செஞ்சுறாதீங்க. திடீர்னு நிறுத்தினா பிட்ஸு நிக்காம தொடர்ந்து வரலாம், உசுருக்கே ஆபத்து. ஜிஹெச்ல இந்த மாத்திர இலவசமாவே குடுக்கறாங்க, வெளிய வாங்கிட்டு இருந்தா பழைய சீட்ட காட்டி அங்க மாத்திக்கோங்க.

அடிச்சுட்டேன்னு எழுதிருக்கீங்க. அக்கா, நாலு மாசமா தூங்காம, கூட ஆள் இல்லாம, கையில காசு இல்லாம ஒருத்தி எல்லாத்தயும் தனியா தாங்கிட்டு இருக்கீங்க. அடிச்சது தப்புன்னு உங்களுக்கே தெரியுது, அவனுக்கு எதுக்கு அடி வாங்கினோம்னே தெரிஞ்சுருக்காது, அதான் உங்கள அறுக்குது. ஆனா அடிச்ச கையிலதான் அன்னைக்கு ராத்திரியும் சோறு ஊட்டிருப்பீங்க. கோவம் தலைக்கு ஏறுதுன்னு தெரிஞ்சா அவன திண்ணையில பாதுகாப்பா உக்கார வச்சுட்டு அஞ்சு நிமிஷம் வெளிய வந்து தண்ணி குடிங்க, அப்பறம் உள்ள போங்க. வீட்டுக்காரர் வர்ற அந்த ரெண்டு ஞாயித்துக்கெழமையும் அவன் பொறுப்பு அவருது, நீங்க தூங்கணும், இத நான் சொன்னேன்னே அவர்கிட்ட சொல்லுங்க. தூக்கம் வராதது ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா டெஸ்ட்டு எடுக்கற அதே மனநலப் பிரிவுல உங்களுக்கும் ஒரு ஓபி சீட்டு போட்டு காட்டுங்க. அங்க உங்கள யாரும் தப்பா பாக்க மாட்டாங்க, புள்ளய கூட்டிட்டு வர்ற அம்மாங்க நெறைய பேர் அங்க தனக்கும் சேத்துதான் பாத்துட்டு போறாங்க.

இந்த வாரம் ரெண்டே வேல. இ-சேவையில ஸ்டேட்டஸ் பிரிண்ட், வி.ஏ.ஓ.கிட்ட வாழ்நாள் சான்று. பிரிண்ட்ல என்ன வந்துருக்குன்னு அப்படியே எழுதி அனுப்புங்க, பாஸ்புக் மொத பக்கத்துல பையன் பேருக்கு கீழ கார்டியன்னு உங்க பேர் இருக்கான்னும் பாத்து சொல்லுங்க. மனுவ நான் எழுதி தர்றேன்.